கைக்கும் வாய்க்கும் நடுவில்

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும். நாங்கள் சமணர்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவின் தாலுகா ஆபீஸ் வேலைக்காகத் திருவண்ணாமலைக்கு வந்து, கீழ்நாத்தூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். விளக்கு வைத்தபின் சாப்பிட்டால் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்பார்கள். அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் கூடத்தில் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் எத்தனை கவளம் சாப்பிட்டார்கள், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூடத்தில் எதையும் ஒளிக்க முடியாது.

இதில் மலை வேறு. ஊருக்கு மேற்கே அது நிற்பதால் சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் போனாலே மறைந்ததுதான் என்பாள் அம்மா. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரம்தான் நேரம் என்பார் அப்பா. தினமும் சாயங்காலம் இந்த வழக்கு நடக்கும். தீர்ப்பு எப்போதும் பஞ்சாங்கத்தின் பக்கம்தான் போகும், ஏனென்றால் அப்பா ஆபீஸிலிருந்து வந்து சேரவே ஐந்தேகால் ஆகிவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தோல் பொருள் எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. அப்பாவுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் நூல் பெல்ட். காக்காயைக்கூடக் கைதட்டித்தான் விரட்டுவோம், கல் எடுத்தால் அம்மா கையால் முதுகில் விழும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் தம்பிக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே யாருக்கும் இல்லாத வீச்சு அமைந்தது. எழுபதுகளின் நடுவில் அவனுக்குப் பதினாலு வயது. எல்லைக்கோட்டில் நின்று கிரிக்கெட் பந்தை எடுத்து வீசினால் அது தரையில் படாமல் ஸ்டம்புக்குப் போகும் என்று அவன் கூட்டாளிகள் சொல்லுவார்கள். விளையாட்டு விழாவில் பந்தெறியும் போட்டியிலும் அவன்தான் முதல். “கையா அது, கவண்டா!” என்பாராம் பி.டி. மாஸ்டர். அதை அவன் வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொல்வான். எனக்குப் பெருமை தாங்காது.

வீட்டுக்குத் தெரிந்தவரை அவன் வைத்து விளையாடியது கார்க் பந்து. பந்துக்கு உயிர் இல்லையே, விளையாடிவிட்டுப் போகட்டும் என்று அப்பா விட்டிருந்தார். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் பந்தயம் தோல் பந்தில்தான் நடக்கும். மாஸ்டர் பழக்கத்துக்கு என்று ஒன்று கொடுத்திருந்தார். அதை அவன் உள்ளே கொண்டுவரவில்லை. தோட்டத்துப் பின்சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து இருந்தது, அதில் வைத்து ஓட்டுத் துண்டு ஒன்றைச் சொருகி மூடுவான். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் அவனும் நானும்தான்.

நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, யாராவது பெண் பார்க்க வருவார்கள் என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள். வாய் ஆறு முழம், தைரியம் அரைச் சாண். பல்லி கத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பந்தயம் வைத்திருந்தார்கள். தீபத்துக்கு மாட்டுச் சந்தை கூடிவிட்டால் மைதானத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் ஐப்பசி மாதம் முழுக்கப் பழக்கம். மற்றப் பையன்கள் இருட்டும் வரை ஆடுவார்கள். ஓடுவார்கள், உட்கார்ந்து கதை பேசுவார்கள், பிறகு கொஞ்சம் வீசுவார்கள். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடும், ஐந்தடித்தால் வீட்டுக்கு ஓட வேண்டும். அதனால் மைதானத்தில் பையைப் போட்ட கையோடு வீச ஆரம்பிப்பான். மூச்சு விடாமல், தூரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, தினமும், ஞாயிற்றுக்கிழமைகூட. முக்கால் மணி நேரத்தில் அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு வீசுவதை இவன் வீசிவிட்டு வருவான். வந்து உட்காரும்போது முழங்கையின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் “ஒண்ணும் இல்லக்கா” என்பான். நானும் விட்டுவிட்டேன்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அவன் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டான். வாசல் வழியாக வராமல் தோட்டத்துப் பக்கமாக வந்து கிணற்றடியில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, இந்தச் சட்டையக் கொஞ்சம் கழட்டி வுடேன்.”

“இன்னாடா ஆச்சு?”

“வீசறப்போ உள்ள டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. கை நீட்ட வரல.”

முழங்கையின் உள்பக்கம் உப்பியிருந்தது. தொட்டேன், சுட்டது. “அப்பாகிட்ட சொல்றேன் இரு” என்று திரும்பினேன். மற்றக் கையால் என் தாவணியைப் பிடித்துக்கொண்டான்.

“சொல்லாதக்கா. சொன்னா எந்தப் பந்துனு கேப்பாரு. அப்புறம் ஆட்டமே கிடையாது. பந்தயம் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்.”

அங்கேதான் நான் தவறினேன். அவன் அழுதிருந்தால் ஒருவேளை ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவன் அழவில்லை. எனக்கும் அப்பாவின் கோபத்தை நினைத்தால் பயம். அவர் அடிப்பவர் அல்லர். பேசுவதை நிறுத்திவிடுவார், அது அடியைவிட மோசம். பொந்து எனக்கும் தெரியும் என்பது வெளியே வந்தால் என்னோடும் பேச மாட்டார்.

அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார், குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர். என் கைதான் பிசகிக்கொண்டது என்று பொய் சொல்லி அவரிடம் யோசனை கேட்டேன். “சுளுக்குதான், இன்னா? எண்ணெயச் சுட வச்சி நல்லா உருவி, ஒரு இழுப்பு இழுத்து வுட்டா சரியாப் போயிடும். மடங்கிப் போற கைல ஒரு பக்கெட்டு தண்ணியத் தொங்க வுடு, தன்னால நீட்டிக்கும்” என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் ஊரில் காலில் சுளுக்கு, கழுத்தில் பிடிப்பு எல்லாவற்றுக்கும் எண்ணெயும் உருவலும்தான். பாதிப் பேருக்கு அதில் சரியாகியும் போகும்.

அதனால் விடிகாலையில் அப்பா கிணற்றடியில் குளித்து ஜபத்துக்கு உட்கார்ந்தபின், அம்மா அடுப்பங்கரைக்குள் போனபின், வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் நானும் அவனும் உட்காருவோம். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுட வைத்து, உள்ளங்கை எரிய எரிய உருவுவேன். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பேன். முடிந்தவரை நீட்டுவேன், முடிந்தவரை மடக்குவேன். பிறகு பக்கெட்டைத் தூக்கச் சொல்லுவேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்பேன்.

“வலிக்குதாடா?”

“இல்லக்கா.”

ஒருநாளும் வலிக்கிறது என்று அவன் சொன்னதில்லை. நெற்றியில் வேர்வை மட்டும் பூத்திருக்கும். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். அவன் இல்லை என்று சொன்னதால் இன்னும் அழுத்தி உருவினேன்.

கற்பூர வாசனைக்கு அம்மாவிடம் “தலைக்குத் தடவினேன், ஜலதோஷம்” என்று சொல்லிவைத்தேன். பந்தயத்துக்கு அவன் போகவில்லை. வயிற்று வலி என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டான். மைதானத்துக்கு மாடுகள் வந்து சேர்ந்தன, தீபமும் வந்து போயிற்று. கை மட்டும் வரவில்லை. உருவ உருவ இறுகிக்கொண்டே போயிற்று. முதல் வாரம் மடங்கிய அளவுக்கு மூன்றாம் வாரம் மடங்கவில்லை. முழங்கைக்கு மேலே தசைக்குள் கெட்டியாக ஒன்று என் விரலில் தட்டுப்பட்டது. அது இன்னதென்று தெரியாமல் அதையும் சேர்த்துத் தேய்த்தேன். இதை எழுதும்போது இப்போதும் என் விரல் கூசுகிறது.

எனக்கு ராத்தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தாலே பயம். காரணம் தம்பியின் தட்டு. சோற்றைப் பிசைந்து எடுப்பான், ஆனால் கை வாய் வரைக்கும் வராது. ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும். அந்த ஒரு சாணை அவன் தலையைக் குனிந்து சமாளிப்பான். முதலில் கொஞ்சம் குனிந்தான். பிறகு தட்டுக்கு மேலேயே முகத்தைக் கொண்டுபோனான். அவன் ஒவ்வொரு முறை குனியும்போதும் அப்பா பார்த்துவிடுவாரோ என்று நான் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். ரசத்தில் உப்பு ஜாஸ்தியா, நாளைக்கு மழை வருமா என்று வாய்க்கு வந்ததை உளறுவேன்.

ஒருநாள் அம்மாதான் ஆரம்பித்தாள். “இன்னாடா அது, மாடு கணக்கா குனிஞ்சி சாப்பிடறே? நிமிந்து உக்காரு.”

நிமிர்ந்தான். கவளம் அந்தரத்தில் நின்றது. முகம் நேராக இருந்தது. கை மேலே வர முயன்று நடுங்கியது. சோறு விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகத் தட்டில் உதிர்ந்தது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். அந்த நேரத்தில் நான் செத்துப்போயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் வேலூருக்குப் பஸ் ஏறினோம். அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்குப் பதில் நான் கூடப் போனேன். அங்கே ஓர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இதை உருவினது யாரு?”

நான் அப்பாவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். தம்பி சொன்னான்: “யாரும் இல்ல சார்.”

“பொய் சொல்லாத. முழங்கைய உருவினாத்தான் தசைக்குள்ள இப்படி எலும்பு மாதிரி கட்டும். காலுக்குச் செய்யறத கைக்குச் செய்யக்கூடாது, அதுவும் முழங்கைக்குக் கூடவே கூடாது.” பிறகு அப்பாவைப் பார்த்து விளக்கினார். “பாருங்க, இந்த வயசுல எலும்போட முனை இன்னும் முத்தல. தேங்கா வழுக்க மாதிரி இருக்கும். தசை பலமா இருக்கு, எலும்பு இளசா இருக்கு. ஓயாம வீசினா தசை அந்த முனையப் பிச்சி இழுக்கும். இழுத்துடுச்சி. மொதல்ல வலி வந்த அன்னிக்கே நிறுத்தியிருந்தா சும்மாவே ஆறியிருக்கும். தம்பி, தெனமும் வீசினியா?”

“ஆமா சார்.”

“வாரத்துல ரெண்டு நாளாவது கைக்கு லீவு வுடணும். வீசறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடி, கைய சுத்தி, உடம்பு சூடாவணும். கிட்டத்துல வீசிட்டு அப்புறமாத்தான் தூரத்துக்குப் போவணும். நடுநடுவுல உக்காரணும். இதெல்லாம் செஞ்சியா?”

“டைம் இல்ல சார். பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போவணும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“கார்க் பந்தா, தோல் பந்தா?” என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். தம்பி அப்பாவைப் பார்க்காமல் “தோல்” என்றான்.

இனிமேல் யாரும் அந்தக் கையைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கொஞ்ச நாள் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டபின் அவனே மடக்க வேண்டும், அவனே நீட்ட வேண்டும், தன்னால் முடிகிற மட்டும். ஒரு வருஷம் ஆகலாம். வரலாம், வராமலும் போகலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் போளூர் வரைக்கும் அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: “பந்த எங்க வச்சிருக்க?”

“பின்சுவத்துப் பொந்துல” என்றான் தம்பி.

அந்தக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நாட்களில் அம்மா ஊட்டினாள். பதினாலு வயதுப் பையன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்ற பழமொழியை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தொட்டிலை அவிழ்த்த பின்னும் அவன் கையை அசைக்கவில்லை. அசைத்தால் இன்னும் கெட்டுப்போகும் என்று பயம். உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே திரிந்தான். நாள் போகப் போக அது அப்படியே உறைந்துவிடும் என்று எனக்குப் பயம். வாழ்நாள் முழுக்க இன்னொருவர் கையால் சாப்பிடப்போகிறான், அதற்குக் காரணம் நான்.

மார்கழியில் ஒருநாள் அப்பா ஆபீஸிலிருந்து வந்தவர் உள்ளே வராமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். பொந்தை மூடியிருந்த ஓட்டுத் துண்டை எடுத்தார். உள்ளே கையை விட்டு அந்தத் தோல் பந்தை எடுத்தார். நான் கிணற்றடியில் பாத்திரத்தோடு நின்றவள் நின்றபடியே இருந்தேன். அவர் மண்ணில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, பந்தை உருட்டிவிட்டார்.

“எடுத்துத் திருப்பி உருட்டு. வலிச்சா வுட்டுடு.”

தம்பி பந்தைப் பார்த்தான், அப்பாவின் விரல்களைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். எட்டவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் கிட்டே உருட்டினார்.

தினமும் இது நடந்தது. உருட்டி முடித்ததும் தம்பியைக் கை கழுவிச் சாப்பிட அனுப்பிவிடுவார். அவர் தோலைத் தொட்ட உடம்போடு உள்ளே வர மாட்டார் என்பதால் அந்தக் குளிரில் கிணற்றில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள்வார். மார்கழியில் பொழுது சீக்கிரம் போய்விடும். அவர் ஈரத்தோடு கூடத்துக்கு வரும்போது பல நாள் பஞ்சாங்க நேரமும் தாண்டியிருக்கும். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இல்லை. காலையில்தான் இனி.

“காலைல உருட்டக்கூடாதாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“காலைல அவன் பள்ளிக்கூடம் போற அவசரத்துல இருப்பான். அவசரத்துலதான் கை போச்சு” என்றார்.

அப்படி அவர் பட்டினி கிடந்த ஐந்தாவதோ ஆறாவதோ நாள், என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துவட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“நான்தான்பா உருவினேன். தெனமும். பக்கெட்டும் நான்தான் தூக்கச் சொன்னேன்.”

அப்பா துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்கிட்ட சொல்லியிருந்தா நானும் அதையேதான் பண்ணியிருப்பேன். எனக்கு மட்டும் இன்னா தெரியும்? எண்ணெயத்தான் தேடியிருப்பேன்.” துண்டைக் கொடியில் இழுத்து விட்டுக்கொண்டே கேட்டார்: “ஆனா, சொல்ல முடியாத அளவுக்கு என்னைப் பாத்து பயமா இருந்துச்சா உங்க ரெண்டு பேருக்கும்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். அம்மா ஒன்றும் நடக்காததுபோல் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதில் பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. கை முழுவதாக நீளவே இல்லை, இன்றைக்கும் அவன் வலது கை லேசாக மடங்கித்தான் தொங்கும். அதற்குப் பிறகு அவன் எதையும் தூரமாக வீசியதில்லை.

பதினாலு வருஷம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், நான் அதே ஊரில் கல்யாணமாகி இருந்தேன், என் பிள்ளைக்குப் பதினொரு வயது. தெருவுக்குத் தெரு டி.வி. வந்து எல்லாப் பயல்களும் வேகப்பந்து வீசிய காலம். ஒருநாள் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். பாங்கில் வேலை, எங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்தான். என் பையன் விளையாடிவிட்டு உள்ளே வந்தான், முழங்கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தேன். “வலிக்குதாடா?”

“இல்லம்மா.”

“நிஜமா?”

“இல்லம்மா, ஒண்ணும் இல்ல.”

நான் நம்பிவிட்டேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “நானும் அப்படித்தான்க்கா சொன்னேன். உயிர் போவும். வலிக்குதுனு சொன்னா நீ அழுவியேனு பயம்.”

பதினாலு வருஷமாக நான் நம்பியிருந்த ஒன்று அப்போது உடைந்தது. என் விரலுக்கு அடியில் அவன் தினமும் பொறுத்துக்கொண்டிருந்தான். என் பயத்தைப் பார்த்து அவன் பயந்தான், அவன் இல்லை என்றதை நம்பி நான் அழுத்தினேன்.

பொழுது சாயப் போகிறது என்று தட்டு வைத்தேன். அப்பா வீட்டு வழக்கம் என் வீட்டிலும் உண்டு. பையன் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். எனக்கு அவன் வாய்ப் பேச்சு வேண்டாம், கையைத்தான் பார்த்தேன். எடுத்தான். கை மேலே வந்தது, வந்தது, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

அவன் தலை குனிந்தது.

அலமாரியில் நல்லெண்ணெய் இருந்தது. என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி இறுக்கி வைத்துக்கொண்டேன். தம்பி எழுந்து அவன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். கையைத் தொடவில்லை.

“பந்த எங்கடா வச்சிருக்க?” என்று கேட்டான். “பயப்படாம சொல்லு.”